மூன்றடி மீன்தொட்டியின் மூடிக்குள் எல்.இ.டி. விளக்கை நாமே அமைப்பது எப்படி?

கேள்வி: அயனாவரத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மரக்கட்டை ஆகியவை போக 160 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. நியான் டெட்ராவும் கோரிடோரஸும் வளர்கின்றன. செடிகள் என்று பார்த்தால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் வென்ட்டி ஆகிய நான்கு மட்டுமே. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கவில்லை. வைக்கும் எண்ணமும் இல்லை.

தொட்டியோடு வாங்கிய பிளைவுட் மூடியில் இரண்டடிக் குழல்விளக்குகள் இரண்டு இருந்தன. அவற்றின் சோக்கும் பிடிப்பான்களும் ஈரத்தில் துருப்பிடித்துப் போனதால் முழுவதையும் கழற்றிவிட்டேன். மூடி இன்னும் உறுதியாகவே இருக்கிறது. அதற்குள் எல்.இ.டி. விளக்கை நானே அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். கடைகளில் கிடைக்கும் ஆயத்த விளக்குகள் தொட்டியின் விளிம்பில் கால் ஊன்றி நிற்பவை என்பதால் இந்த மூடிக்குள் பொருந்துவதில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெட்டியில் வாட் அளவைத் தவிர வேறு விவரம் எதுவும் அச்சிடப்படவும் இல்லை.

மூன்று வழிகளை யோசித்திருக்கிறேன். முதலாவது, 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை வரிசை வரிசையாக ஒட்டுவது. இரண்டாவது, வீட்டு உபயோக 9 வாட் எல்.இ.டி. பல்புகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தகடுகளை மட்டும் எடுத்து மூடியில் பதிப்பது. இதற்குத்தான் செலவு மிகக் குறைவு. மூன்றாவது, 3 வாட் எல்.இ.டி.களைத் தனித்தனியாக வாங்கி ஹீட் சிங்க்கில் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் துண்டு) பொருத்துவது. சாலிடர் செய்யத் தெரியும், மல்ட்டிமீட்டர் வைத்திருக்கிறேன். மின்னணுவியலில் அதற்கு மேல் பயிற்சி இல்லை.

இவற்றுள் எது ஏற்றது, எவ்வளவு வெளிச்சம் தேவை என்பவை என் முதன்மைக் கேள்விகள். இன்னொரு கவலையும் உண்டு. சென்னையின் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. நியான் டெட்ராவுக்கு அதுவே அதிகம். விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி: மின்சுற்று

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டாவது வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைக் கட்டாயம் கைவிட வேண்டும். மலிவான எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றும் சுற்று), 230 வோல்ட் மின்சாரத்தைத் தனிமைப்படுத்தாமல் நேரடியாகவே எல்.இ.டி. தகட்டுக்கு அனுப்புகிறது. தகட்டின் இரு முனைகளுக்கு இடையில் மல்ட்டிமீட்டர் குறைந்த வோல்ட்டைக் காட்டலாம். ஆனால் அந்த முனைகளில் ஒன்றைத் தரையில் நின்றுகொண்டு தொட்டால் வீட்டு மின்சாரத்தையே தொடுவதாகும். பல்பாக இருக்கும்வரை பிளாஸ்டிக் உறை நம்மைக் காக்கிறது. அந்த உறையை நீக்கிவிட்டு, எப்போதும் ஆவி படியும் ஒரு மூடிக்குள், தண்ணீருக்குக் கையளவு உயரத்தில் அதைப் பதிப்பது உயிருக்கு ஆபத்தான செயல். செலவு எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மற்ற இரண்டில், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கும் குறைந்த ஒளியில் வளரும் உங்கள் செடிகளுக்கும் ஸ்ட்ரிப் போதும் என்பது என் கருத்து. 3 வாட் எல்.இ.டி.கள் ஒளியை ஒரு புள்ளியிலிருந்து பாய்ச்சுவதால் நீரலையின் நிழல் மணலில் ஆடும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு நிலையான மின்னோட்டம் தரும் தனி டிரைவர் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வெப்பப் பசை தடவி ஹீட் சிங்க்கில் இறுக்க வேண்டும், ஆழம் குறைந்த தொட்டியில் நேர்கீழே மிகுந்த வெளிச்சமும் ஓரங்களில் மங்கலும் வராதபடி இடைவெளியைக் கணக்கிட வேண்டும். இரண்டடிக்கு மேல் உயரமுள்ள தொட்டிகளுக்கும் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளுக்கும் அந்த உழைப்பு தகும்.

ஸ்ட்ரிப் வாங்கும்போது 5050 வகையை (இது எல்.இ.டி.யின் அளவைக் குறிக்கும் எண்) கேட்காதீர்கள். அது பழையது, ஒரு வாட்டுக்குத் தரும் ஒளி குறைவு. 2835 வகையில் மீட்டருக்கு 120 எல்.இ.டி. உள்ளதைக் கேளுங்கள். அது பொதுவாக மீட்டருக்கு 9.6 வாட் எடுக்கும். பெட்டியில் எந்த எண் போட்டிருந்தாலும், வாட்டுக்கு 85 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று அடக்கமாகக் கணக்கிடுவது நல்லது. உங்கள் மூடியின் உள்நீளம் 85 சென்டிமீட்டருக்குக் குறையாது என்று எடுத்துக்கொண்டால், ஐந்து வரிசைகளுக்கு 4.25 மீட்டர் ஆகும். ஐந்து மீட்டர் சுருள் ஒன்றே போதும். மொத்தம் ஏறத்தாழ 41 வாட், 3,500 லூமென். இவ்வகை ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு வெட்டுக்குறி, அதாவது 2.5 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்கும்; 85 சென்டிமீட்டர் சரியாக ஒரு குறியில் வந்து முடியும்.

ஐந்து வரிசைகளையும் ஒன்றன் வாலில் மற்றொன்றைக் கோத்து நீட்ட வேண்டாம். ஸ்ட்ரிப்பின் செப்புத் தடம் மெல்லியது. தொலைவு கூடக்கூட வோல்ட் குறைந்து கடைசி வரிசை மங்கலாகவே எரியும். இரண்டு பொதுக் கம்பிகளை மூடியின் ஒரு பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு வரிசையையும் அதிலிருந்து தனித்தனியாக இணையுங்கள். 41 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 3.4 ஆம்பியர் ஓடும். ஆகவே 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கருவி) வாங்கினால் அதன் திறனில் 70 விழுக்காட்டுக்குள் வேலை செய்து நெடுநாள் உழைக்கும். கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். 12 வோல்ட் பக்கத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் இடம்பெறட்டும். இவை எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும்.

சூட்டைப் பற்றி நீங்கள் அஞ்சுவது சரிதான், ஆனால் அஞ்ச வேண்டிய இடம் வேறு. எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. அந்த ஒளி முழுவதையும் தண்ணீரே விழுங்கிச் சூடாக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் 160 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி கூட உயராது. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு எல்.இ.டி.யின் முதுகுப்புறத்தில் சூடாக வெளிப்படுகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் கெடுவது மீன்கள் அல்ல, விளக்குதான். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு மூன்று எல்.இ.டி.க்கும் ஒரு மின்தடை இருக்கிறது. அதுவே மின்சாரத்தில் கால் பங்கு வரை சூடாக்கிவிடுகிறது. இதை நேராகப் பிளைவுட்டின் மேல் ஒட்டினால் மரம் சூட்டைக் கடத்தாது, பின்புறப் பசை இளகி ஸ்ட்ரிப் தொங்கத் தொடங்கும், வெள்ளை ஒளி சில மாதங்களிலேயே மங்கும். எனவே 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்றை மூடியின் அளவுக்கு வெட்டி வாங்கி, அதன் மேல் ஒட்டுங்கள். தகட்டுக்கும் பிளைவுட் கூரைக்கும் இடையில் ஓர் அங்குலம் காற்று ஓடும் இடைவெளி அவசியம். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: கூடுதலாக ஒரு வரிசை எல்.இ.டி. வாங்கும் பணத்தைத் தகட்டில் போடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். எக்காரணம் கொண்டும் மூடிக்குள் இருக்கக்கூடாது. தொட்டிக்குக் கீழேயும் வேண்டாம். பக்கவாட்டில், சுவரில், மூடிய பெட்டிக்குள் பொருத்துங்கள். உலோகக் கூடு கொண்ட எஸ்.எம்.பி.எஸ். எனில் மூன்று முனைப் பிளக்கின் எர்த் கம்பியை அதன் எர்த் முனையில் கட்டாயம் இணைத்து, அதே எர்த்தை அலுமினியத் தகட்டுக்கும் கொண்டுவாருங்கள். தொட்டிக்குப் போகும் எல்லா வயர்களும் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேற வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக் பாயிண்ட்டுக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் விளக்கைத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். உங்கள் ஃபில்டர் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்தே அது காவல்.

மறுமொழி: பச்சைத்தொட்டி

மின்சுற்று அவர்கள் சொன்ன 3,500 லூமென் என்ற கணக்கைச் செடிகளின் பக்கமிருந்து பார்க்கிறேன். லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் வரை குறைந்த ஒளி, 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுந்த ஒளி என்பது செடித்தொட்டி வளர்ப்போர் கைக்கொள்ளும் தோராய அளவு. 160 லிட்டருக்கு 3,500 லூமென் என்றால் லிட்டருக்கு 22 வருகிறது. கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டிக்கு இதுதான் மேல் எல்லை. இதைத் தாண்டினால் செடிகள் அந்த ஒளியைப் பயன்படுத்தும் அளவுக்குக் கார்பன் கிடைக்காமல் நின்றுவிடும். பாசி அப்படி நிற்காது. ஆகையால் ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் டிம்மர் ஒன்றைச் சேர்த்து, முதல் மாதம் பாதிக்குச் சற்று மேலான வெளிச்சத்தில் ஆறு மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். பாசி வராமல் புதிய இலைகள் வந்தால், எட்டு மணி நேரம் வரை மெல்ல நீட்டலாம். வெளிச்சத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டக்கூடாது. பாசி வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

லூமென் என்பது மனிதக் கண்ணின் கூருணர்வுக்கு ஏற்ப அளக்கப்படும் அளவு. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலான பச்சையைத்தான் மிகுதியாக உணர்கிறது. செடியோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. அதனால்தான் செடி வளர்ப்போர் பார் (PAR) என்னும் அளவை, அதாவது செடி பயன்படுத்தும் ஒளியின் அளவைப் பேசுகிறார்கள். அதன் அலகு மைக்ரோமோல். உங்கள் செடிகளுக்கு மணல் மட்டத்தில் 20 முதல் 30 மைக்ரோமோல் இருந்தால் நிறைவாக வளரும். பார் மீட்டர் விலை மிகுந்த கருவி. அதை வாங்க வேண்டியதில்லை. 6,500 கெல்வின் (பகலொளி போன்ற) வெள்ளை எல்.இ.டி.க்கு ஒரு மைக்ரோமோல் என்பது சுமார் 70 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) என்று கொள்ளலாம். சாதாரண லக்ஸ் மீட்டரையோ கைபேசியில் உள்ள லக்ஸ் செயலியையோ கொண்டு, தொட்டியைக் காலி செய்து கழுவும் ஒரு நாளில் அடியில் வைத்து அளந்தால் 1,500 முதல் 2,000 லக்ஸ் வரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கைபேசி துல்லியமாகக் காட்டாது. என்றாலும் நடுவிலும் ஓரத்திலும் உள்ள வேறுபாட்டை அது தெளிவாகவே காட்டிவிடும், நமக்குப் பெரிதும் வேண்டியதும் அதுதான்.

நிறத்தைப் பொறுத்தவரை 6,500 கெல்வின் வெள்ளை ஒன்றே போதும். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசப்பட்டதே. செடிக்கு வேண்டிய நீலம் அதில் நேராகவே இருக்கிறது; பாஸ்பர் தரும் அகன்ற ஒளியில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் வந்துவிடுகின்றன. அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இந்த மூவரில் உள்ள அமானோ, ஹிரோஷி அமானோ. இயற்கைத் தொட்டிக் கலையை உலகெங்கும் பரப்பிய தகாஷி அமானோ வேறொருவர். இந்த இரண்டு அமானோக்களின் உழைப்பும் நம் மூடிக்குள்ளும் தொட்டிக்குள்ளும் சந்திப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

செடி வளர்ப்புக்கென்று ஊதா நிறத்தில் ஒளிரும் சிவப்பு நீல ஸ்ட்ரிப்புகளை விற்பார்கள். வேண்டாம். செடி வளரும், ஆனால் அந்த ஒளியில் இலையின் பச்சை கருத்துத் தெரியும், மீன்களின் உண்மையான நிறம் கண்ணுக்கே வராது. நியான் டெட்ராவின் நீலக் கோடும் சிவப்பும் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால், அந்தச் செலவில் நிறக்காட்டி எண் (CRI, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90-க்கு மேல் உள்ள வெள்ளை ஸ்ட்ரிப்பை வாங்குங்கள். அத்தகைய ஸ்ட்ரிப்பில் லூமென் சற்றுக் குறையும். உங்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

கிரிப்டோகோரைன் வென்ட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. அது இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்டது. நிழலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் திடீர் மாற்றத்தைப் பொறுக்காது. விளக்கை மாற்றிய சில நாள்களில் அதன் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்து போகக்கூடும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். அழுகிய இலைகளை மட்டும் நீக்கிவிட்டு வேர்க்கிழங்கை அப்படியே விடுங்கள். புதிய ஒளிக்கு ஏற்ற இலைகள் அதிலிருந்து துளிர்க்கும். அனுபியாஸ் மூடியின் நேர் நடுவே இருந்தால் ஓரத்துக்கு, அல்லது மரக்கட்டையின் நிழலுக்கு மாற்றிவிடுங்கள். மெல்ல வளரும் அதன் இலைகளில்தான் பாசி முதலில் குடியேறும்.

கேள்வி: அயனாவரத்தான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்புத் தகடு யோசனையைக் கைவிட்டுவிட்டேன். 2835 ஸ்ட்ரிப், அலுமினியத் தகடு, டிம்மர் என்று முடிவு செய்திருக்கிறேன். இனி மூடியைப் பற்றிய ஐயங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. ஸ்ட்ரிப்புக்குக் கீழே ஆக்ரிலிக் தடுப்பு வைப்பதா, கண்ணாடி வைப்பதா? தடுப்பு வைத்து அடைத்துவிட்டால் தொட்டியின் ஆவி வெளியேறாமல் தண்ணீர் இன்னும் சூடாகாதா? சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தலாம் என்று எண்ணுகிறேன். அது காற்றை உள்ளே தள்ள வேண்டுமா, வெளியே இழுக்க வேண்டுமா? மூடியின் உள்ளுயரம் ஆறு அங்குலம்.

மறுமொழி: மரவேலை

வணக்கம். மீன்தொட்டி மூடிகளையும் அடிப்பெட்டிகளையும் செய்து தரும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் ஐயம் மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. விளக்குக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் குளிர வேண்டுமென்றால் ஆவி பறந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்துத்தான் பெரும்பாலான மூடிகள் செய்யப்படுகின்றன, அதனால்தான் அவற்றின் விளக்கும் சீக்கிரம் கெடுகிறது, தண்ணீரும் சூடேறுகிறது. மூடியை மேலும் கீழுமாக இரண்டு அறைகளாகப் பிரித்துவிடுங்கள். மேலறை உலர்ந்தது, அதில் அலுமினியத் தகடும் ஸ்ட்ரிப்பும் இருக்கும். கீழறை ஈரமானது, அதில் தண்ணீரின் மேற்பரப்பும் காற்றும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே ஒளி புகும் தடுப்பு.

ஆறு அங்குல உயரத்தில் கூரைக்குக் கீழே ஓர் அங்குல இடைவெளி, பிறகு தகடு, அதிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே தடுப்பு என்று அமைத்தால் தண்ணீருக்கு மேலே மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இடம் கிடைக்கும். அது போதும்.

தடுப்புக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடியையே பரிந்துரைக்கிறேன். ஆக்ரிலிக் எடை குறைவு, அறுப்பதும் எளிது, ஒளியை 92 விழுக்காடு விடுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதன் ஒரு முகம் ஈரத்தையும் மறுமுகம் உலர்ந்த சூட்டையும் காணும்போது, ஈரத்தை உறிஞ்சிய முகம் விரிந்து பலகை வளைந்துவிடும். மூன்றடி நீளத்தில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியும். விளிம்பில் இடைவெளி விழுந்து ஆவி மேலேறிவிடும். கண்ணாடி வளையாது. மூன்றடியை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டு துண்டுகளாக வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, நான்கு பக்கமும் அலுமினிய எல் சட்டத்தில் ரப்பர் பட்டையின் மேல் உட்கார வையுங்கள். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். கழற்றித் துடைக்க வேண்டிவரும். நம் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கண்ணாடியின் அடியில் தெறிக்கும் நீர் காய்ந்து வெள்ளையாகப் படியும். அது படியப் படிய வெளிச்சம் குறைவது நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். வாரம் ஒருமுறை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

மின்விசிறியைக் கீழறையில், மூடியின் ஒரு குறுக்குப் பக்கத்தில், வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி வையுங்கள். எதிர்ப்பக்கம் அதே அளவு அல்லது சற்றுப் பெரிய திறப்பு இருக்கட்டும். கணினிக்குப் பயன்படும் 12 வோல்ட் விசிறியே போதும். உள்ளிருந்து வெளியே இழுக்கும்படி வைத்தால் விசிறியின் மோட்டார் நாள் முழுவதும் ஈரக் காற்றிலேயே சுழன்று விரைவில் கெடும். தண்ணீரின் மேல் காற்று நேராக உரசிச் செல்வதால் ஆவியாதல் கூடி, இரண்டு மூன்று டிகிரி வரை குளிரும். கடற்கரை நகரமாகையால் காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் அந்தப் பலன் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மட்டம் முன்னைவிட வேகமாக இறங்கும். குளோரின் நீக்கிய நீரை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே இருங்கள். திறப்புகளுக்கு நைலான் வலை அடிக்க மறக்காதீர்கள், டெட்ரா சிறிய மீன், பயந்தால் எந்த இடுக்கிலும் பாயும். மேலறையின் பின்பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டால் தகட்டின் சூடு தானே வெளியேறும், அங்கே விசிறி தேவையில்லை.

பிளைவுட்டின் உட்புறத்தையும் வெட்டிய விளிம்புகளையும் வெள்ளை எப்பாக்சி பெயிண்ட் இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, வாடை முழுவதும் போன பிறகே தொட்டியின் மேல் வையுங்கள். திருகுகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும், மின்சுற்று ஐயா இதுவரை சொல்லாததால், என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஸ்ட்ரிப்பை ஐ.பி. 65 வகையில், அதாவது மேலே சிலிகான் பூசியதாக வாங்குங்கள். ரப்பர் பட்டை எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும், நடுவே கை வைத்துக் கழற்றி மாட்டும் தடுப்பு எதுவும் முழுமையாக அடைபடாது.

மறுமொழி: மின்சுற்று

மரவேலை ஐயா சொன்ன இரண்டறை அமைப்பு மிகச் சிறந்தது. ஐ.பி. 65 பற்றி என் கருத்து சற்று வேறு. சிலிகான் பூச்சு சூட்டையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். உலர்ந்த மேலறை இருக்கும்போது, பூச்சில்லாத ஸ்ட்ரிப்பின் மேல் மின்சுற்றுப் பலகைகளுக்கான லாக்கர் என்னும் காப்புப் பூச்சைத் தெளித்தாலே போதும் என்று நான் கருதுகிறேன். ஆனால் அயனாவரத்தார் முதல்முறையாகச் செய்கிறார், தகடும் போதிய அகலத்தில் இருக்கிறது. ஆகவே அவருக்கு ஐ.பி. 65 பாதுகாப்பான தேர்வு என்பதை ஏற்கிறேன். குழாய்க்குள் நுழைத்த ஐ.பி. 67 வகையை மட்டும் வாங்க வேண்டாம்; அதில் ஸ்ட்ரிப்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் காற்று இருப்பதால் சூடு தகட்டுக்குப் போகவே போகாது.

சாலிடர் செய்யும் இடத்தில் பூச்சைப் பிளேடால் நீக்கி, பிறகு மீண்டும் மூட வேண்டும். இங்கேதான் மீன்தொட்டி வளர்ப்போர் பலர் கைவசம் இருக்கும் சிலிகானை எடுத்துப் பூசிவிடுகிறார்கள். கண்ணாடி ஒட்டும் அந்தச் சிலிகான் காயும்போது வினிகர் வாடை வீசும்; அது அசிட்டிக் அமிலம். கண்ணாடிக்கு அது நல்லது, செப்பை அரித்துவிடும். சில மாதங்களில் இணைப்பு பச்சைப் பொடியாகிவிடும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகானைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அரால்டைட் போன்ற இருபகுதிப் பசையால் மூடி, மேலே சுருங்கும் குழாயைப் போடுங்கள். செப்புக் கரைசல் தண்ணீரில் சொட்டினால் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு என்பதால், பின்னாளில் அவற்றை வளர்க்க நேர்ந்தாலும் இந்தக் கவனம் உதவும்.

ஸ்ட்ரிப்பின் பின்புறப் பசையை மட்டும் நம்பாமல், தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பிறகு ஒட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று நான்கு இடங்களில் சிறிய பிளாஸ்டிக் பிடிகளைத் திருகுங்கள். வெட்டிய முனையின் செப்பு அலுமினியத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும். முனைகளின் அடியில் காப்டன் டேப் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) ஒட்டிவிடுங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் பிளஸ் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையிலும், மைனஸ் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையிலும் மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். இரண்டிலும் ஒலி வரக்கூடாது.

கேள்வி: அயனாவரத்தான்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: டைமர் எந்த வகை வாங்குவது? எங்கள் பகுதியில் அவ்வப்போது மின்தடை உண்டு.

மறுமொழி: பச்சைத்தொட்டி

சுற்றும் முள் கொண்ட மெக்கானிக்கல் டைமர் மின்தடையின்போது நின்றுவிடும்; மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்தே ஓடும். இரண்டு மூன்று தடைகளுக்குப் பிறகு விளக்கு நள்ளிரவில் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை வாங்கி எஸ்.எம்.பி.எஸ்.-இன் பிளக்கில் போடுங்கள். விசிறிக்குத் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள், விளக்கு அணைந்த பிறகும் கோடையில் அது ஓட வேண்டும். விளக்கு எரியும் நேரம், கூடத்து விளக்கோ சன்னல் வெளிச்சமோ ஏற்கெனவே இருக்கும் நேரமாக அமையட்டும். கும்மிருட்டிலிருந்து சட்டென்று முழு வெளிச்சம் வந்தால் டெட்ராக்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும்.

மறுமொழி: மின்சுற்று

டைமரைப் பற்றி அவர் சொன்னதே சரி. மூடியைத் தொட்டியின் மேல் ஏற்றும் முன், கூடத்து மேசையில் வைத்து, கண்ணாடித் தடுப்பும் மாட்டிய நிலையில், முழு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள். முடியும் தறுவாயில் தகட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் சூடு அளவோடு இருக்கிறது. முடியாவிட்டால் பின்பலகைத் துளைகளைப் பெரிதாக்குங்கள், அல்லது டிம்மரைக் குறைத்து மீண்டும் சோதியுங்கள். அதே நாளில் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையும் அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை.